ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்குவது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பிள்ளைகள் கணக்குப் படிப்பது இங்கிலீஷில். ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மா பலர் படித்தது தமிழில். க்ரேட் 9-இல் இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்கும் பாடம் வந்ததும் வீட்டில் கேள்விகள் கிளம்பும். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

படிக்கும் முன் இரண்டு குறிப்புகள். வகுப்பில் எக்ஸ், ஒய் என்று எழுதுவதை இந்தப் பக்கத்தில் க, ப என்று எழுதியிருக்கிறோம். பிள்ளை நோட்டில் வகுப்பில் எழுதும் எழுத்தையே எழுதட்டும். தசமப் புள்ளிக்கு இங்குள்ள பள்ளி வழக்கப்படி காற்புள்ளி போட்டிருக்கிறோம். 0,5 என்றால் அரை.

பைனாமியல் என்று பிள்ளை சொல்வது எதை?

நீங்கள் படித்த ஈருறுப்புக் கோவையைத்தான். கூட்டல் அல்லது கழித்தல் குறியால் பிரிந்து நிற்கும் இரண்டு உறுப்புகள்: க + 3, 2க − 5, 4க − 7ப. 6கப என்பது எவ்வளவு நீண்டாலும் ஓர் உறுப்புதான், ஏனென்றால் உள்ளே பெருக்கல் மட்டுமே இருக்கிறது. 3க + 5க பார்வைக்கு இரண்டு உறுப்பு. கூட்டினால் 8க, ஆகவே அதுவும் ஈருறுப்புக் கோவை ஆகாது.

எந்த வகுப்பில் இது வருகிறது?

கேப்ஸ் என்னும் தேசியப் பாடத்திட்டப்படி க்ரேட் 8-இல் ஒரே உறுப்பை அடைப்புக்குறிக்குள் பெருக்குவார்கள்: 3க(க − 2) = 3க² − 6க. க்ரேட் 9-இல் இரண்டு ஈருறுப்புக் கோவைகளின் பெருக்கமும் ஈருறுப்புக் கோவையின் வர்க்கமும் வரும். அதே ஆண்டில் அதைத் திருப்பிப் போட்டுக் காரணிப்படுத்தலும் வரும். க்ரேட் 10-இல் ஈருறுப்பையும் மூவுறுப்பையும் பெருக்குவார்கள். க்ரேட் 8 வேலையில் கை தடுமாறும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டாம். −2க(க − 7) என்று கொடுத்துப் பாருங்கள். −2க² + 14க என்று தயங்காமல் வந்தால் தாராளமாக மேலே போகலாம்.

சுருக்கமாக, விதி என்ன?

முதல் அடைப்புக்குறியிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் இரண்டாவதிலுள்ள ஒவ்வோர் உறுப்பையும் ஒரு தடவை பெருக்க வேண்டும். வந்ததையெல்லாம் கூட்டி, ஒத்த உறுப்புகளைச் சேர்க்க வேண்டும். இந்தப் பாடத்தில் இருப்பது இந்த ஒரு விதிதான். வகுப்பில் தனித்தனிப் பெயரோடு வருகிற மற்றதெல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

அது ஏன் உண்மை? படம் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். காட்டாமல் விடவும் கூடாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சதுரமான காய்கறிப் பாத்தி இருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் க மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் 6 மீட்டரும் அகலத்தில் 4 மீட்டரும் கூட்டுகிறீர்கள். புதிய நீளம் க + 6, புதிய அகலம் க + 4. மொத்தப் பரப்பு (க + 6)(க + 4).

கட்டம் போட்ட தாளில் அந்தச் செவ்வகத்தை வரையுங்கள். பழைய சதுரத்தின் ஓரங்களை நீட்டிக் கோடு இழுத்தால் செவ்வகம் நான்கு துண்டாகும்:

பழைய சதுரம்: க × க = க²
நீளவாக்கில் கூட்டிய பட்டை: 6 × க = 6க
அகலவாக்கில் கூட்டிய பட்டை: 4 × க = 4க
மூலையில் உள்ள சின்னச் செவ்வகம்: 6 × 4 = 24

கூட்டினால் க² + 10க + 24.

க² + 24 என்று எழுதும் பிள்ளை சதுரத்தையும் மூலையையும் எண்ணிவிட்டு, இரண்டு பட்டைகளை மறந்திருக்கிறது. க = 5 என்று வைத்துப் பாருங்கள். பாத்தி 11 × 9, அதாவது 99 சதுர மீட்டர். க² + 24 தருவது 49தான். பாதி நிலம் காணாமல் போய்விட்டது என்று காட்டினால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். “தப்பு, திரும்பப் போடு” என்று பத்து முறை சொன்னாலும் அந்தப் பலன் வராது.

படம் இல்லாமல் சொல்வதானால் பங்கீட்டுப் பண்பை இரண்டு முறை பயன்படுத்துகிறோம். (க + 6) முழுவதையும் ஒரே பொருளாகப் பிடித்துக்கொண்டு இரண்டாவது அடைப்புக்குறிக்குள் பெருக்கினால் க(க + 6) + 4(க + 6). பிறகு ஒவ்வொன்றையும் க்ரேட் 8 முறையில் திறந்தால் க² + 6க + 4க + 24.

ஆசிரியர் ஃபாயில் என்று சொல்லிக்கொடுக்கிறாராம். அது என்ன?

பெருக்க வேண்டிய நான்கு ஜோடிகளின் வரிசையை நினைவில் வைக்க ஒரு வழி. முதல் உறுப்புகள் இரண்டும், வெளியில் உள்ளவை இரண்டும், உள்ளே உள்ளவை இரண்டும், கடைசி உறுப்புகள் இரண்டும். இவற்றின் இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஃபாயில்.

(2க + 3)(க − 5) என்ற கணக்கில்:
முதல்: 2க × க = 2க²
வெளி: 2க × (−5) = −10க
உள்: 3 × க = 3க
கடைசி: 3 × (−5) = −15
விடை: 2க² − 7க − 15

முறையில் குற்றமில்லை. ஆனால் விதி தெரியாமல் ஃபாயிலை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, இரண்டாவது அடைப்புக்குறியில் மூன்று உறுப்பு வந்ததும் திகைத்து நிற்கும். அங்கே பெருக்க வேண்டியவை ஆறு ஜோடிகள். ஃபாயிலில் இருப்பதோ நான்கு எழுத்து. அதனால் பாத்திப் படத்தை முதலில் காட்டுங்கள், ஃபாயிலைப் பிறகு சொல்லுங்கள். வகுப்பில் ஃபாயில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றால் அதை மாற்ற முயல வேண்டாம். “இதற்குள் எத்தனை ஜோடி இருக்கிறது, ஏன்?” என்று மட்டும் கேளுங்கள்.

அம்புக்குறி போடுவதா, கட்டம் போடுவதா, ஒன்றன்கீழ் ஒன்றாகவா?

எப்படிப் போட்டாலும் விடை ஒன்றே. உறுப்பை விட்டுவிடும் பிள்ளைக்குக் கட்டம் நல்லது, காலியான பெட்டி கண்ணில் உறுத்தும். ஊரில் பெரிய எண்களைப் பெருக்கிய பாணியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவது பெற்றோருக்குப் பழக்கமானது. 2க + 3 மேலே, க − 5 கீழே. முதலில் −5 ஆல் பெருக்கினால் −10க − 15. அடுத்து க ஆல் பெருக்கினால் 2க² + 3க. 3க சரியாக −10க-வின் நேர்கீழே வருமாறு எழுதினால் ஒத்த உறுப்புகள் தாமாகவே ஒரே வரிசையில் விழும். மூவுறுப்பு வந்தாலும் இந்த முறை மாறாது.

என் மகளுக்குப் பெருக்கத் தெரிகிறது, குறியில்தான் கோட்டை விடுகிறாள்.

நிறையப் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். காரணமும் பெரும்பாலும் இரண்டுதான்.

முதலாவது, குறியை இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் நிற்கும் தனி ஆளாகப் பார்ப்பது. க − 7 என்பதில் உள்ள உறுப்புகள் க-வும் −7-உம். 7 அல்ல. பெருக்கத் தொடங்கும் முன் ஒவ்வோர் உறுப்பையும் அதன் இடப்பக்கக் குறியோடு சேர்த்துப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். சில நாளில் வட்டம் தேவைப்படாது.

இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது. இந்தக் கணக்கைப் பாருங்கள்:

(2க − 5)(3க − 4)
= 6க² − 8க − 15க + 20
= 6க² − 23க + 20

முதல் வரியைச் சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் +23க என்று போடும் பிள்ளைகள் ஏராளம். “மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்” என்று காதில் விழுந்திருக்கிறது. அது பெருக்கலுக்கு மட்டும் என்பது விழவில்லை. (−5) × (−4) = +20 பெருக்கல். −8க − 15க கூட்டல். 8 ரேண்ட் கடனோடு இன்னொரு 15 ரேண்ட் கடன் சேர்ந்தால் கையில் 23 ரேண்ட் வந்துவிடாது. “சேர்ந்தால்” என்ற சொல்லை வீட்டில் விட்டுவிட்டு “மைனஸை மைனஸால் பெருக்கினால்” என்று முழுசாகச் சொல்லிப் பழகுங்கள்.

எதிர்க்குறிகள் வரும் இடம்: (க − 7)(க + 3) = க² + 3க − 7க − 21 = க² − 4க − 21. இங்கே −10க என்று வந்தால் 3-ஐயும் 7-ஐயும் கூட்டிவிட்டிருக்கிறாள். +4க என்று வந்தால் பெரிய எண்ணின் குறியைப் போடாமல் விட்டிருக்கிறாள். ஒவ்வொரு தவறான விடைக்கும் இப்படி ஒரு மூலம் உண்டு. அதைக் கண்டுபிடித்தால் திருத்துவது எளிது.

விடையைப் பார்த்தவுடன் ஒரு சோதனை: க-வின் கெழுக்கள் (க-வின் முன்னால் நிற்கும் எண்கள்) இரண்டும் நேர் எண்ணாக இருக்கும்போது, இரு அடைப்புக்குறிகளிலும் எண்ணின் குறி ஒன்றாக இருந்தால் கடைசி எண் பிளஸ், வேறுவேறாக இருந்தால் மைனஸ்.

(க + 5)² என்பதற்கு க² + 25 என்று எழுதினால் ஏன் தப்பு? (5க)² என்றால் 25க² சரிதானே?

பிழை பிறக்கிற இடத்தையே கேள்வி தொட்டுவிட்டது. (5க)²-க்குள் இருப்பது பெருக்கல்: 5 × க × 5 × க. வரிசையை மாற்றி 5 × 5 × க × க என்று எழுதலாம், அதனால் அடுக்கு இரண்டின் மேலும் போய் உட்காரும். (க + 5)²-க்குள் இருப்பது கூட்டல். அதற்கு அந்தச் சலுகை இல்லை. அதை (க + 5)(க + 5) என்று விரித்து எழுதியே ஆகவேண்டும்:

க² + 5க + 5க + 25 = க² + 10க + 25

பொதுவாக:
(ம + ந)² = ம² + 2மந + ந²
(ம − ந)² = ம² − 2மந + ந²

நடு உறுப்பு ஏன் இரட்டிக்கிறது என்றால் பாத்தியின் இரண்டு பட்டைகளும் இப்போது ஒரே அளவு. (க − 5)² = க² − 10க + 25. கடைசி எண் ஒருபோதும் −25 ஆகாது, ஏனென்றால் (−5) × (−5).

கெழு இருக்கும்போது இன்னொரு பொறி உண்டு. (3க − 2)²-இல் முதல் உறுப்பு 9க², 3க² அல்ல. நடு உறுப்பு 2 × 3க × (−2) = −12க. விடை 9க² − 12க + 4.

எங்கள் யோசனை: முதல் இருபது கணக்குக்காவது வாய்பாட்டைப் பயன்படுத்த விடாதீர்கள், இரண்டு அடைப்புக்குறியாக எழுதிப் பெருக்கட்டும். பிறகு வாய்பாட்டை அவர்களே கண்டுபிடிப்பார்கள். மெட்ரிக் (க்ரேட் 12 இறுதித் தேர்வு) வினாத்தாளோடு தரும் தகவல் தாளில் இருபடிச் சமன்பாட்டுக்கான சூத்திரம் இருக்கும், இந்த முற்றொருமைகள் இருக்காது. ஆகவே இவை கையிலேயே இருக்க வேண்டியவை.

நடு உறுப்பே இல்லாத விடையும் வருகிறதே?

இரண்டு அடைப்புக்குறிகளிலும் அதே உறுப்புகள் இருந்து, ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ் இருந்தால் அப்படி வரும்.

(க + 7)(க − 7) = க² − 7க + 7க − 49 = க² − 49
(3க + 2ப)(3க − 2ப) = 9க² − 4ப²

நடுவில் உள்ளவை காணாமல் போகவில்லை, ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. (க − 7)(க − 7) இந்த வகை அல்ல, அது வர்க்கம். (7 + க)(7 − க) இந்த வகைதான், ஆனால் விடை 49 − க². க² − 49 என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடுவார்கள்.

இதை மனக்கணக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். 48 × 52 = (50 − 2)(50 + 2) = 2 500 − 4 = 2 496. வர்க்க வாய்பாட்டில் 97² = (100 − 3)² = 10 000 − 600 + 9 = 9 409. 5-இல் முடியும் எண்ணின் வர்க்கத்தைத் தாத்தா நொடியில் சொல்வாரே, 35² என்றால் 3 × 4 = 12, பின்னால் 25, ஆக 1 225? அதுவும் இதே பெருக்கல்தான்: (10ம + 5)² = 100ம² + 100ம + 25 = 100ம(ம + 1) + 25.

அடைப்புக்குறிகளுக்கு முன்னால் எண்ணோ மைனஸோ இருந்தால்?

எண் இருந்தால், அடுக்கை முதலில் முடியுங்கள். 3(க + 2)² = 3(க² + 4க + 4) = 3க² + 12க + 12. மூன்றை முதலிலேயே உள்ளே தள்ளி (3க + 6)² ஆக்கினால் 9க² + 36க + 36 வரும், சரியான விடையின் மும்மடங்கு. வர்க்கம் இல்லாமல் 3(க + 2)(க + 5) என்று இருந்தால் மூன்றை ஏதாவது ஓர் அடைப்புக்குறிக்குள் பெருக்கிவிடலாம். இரண்டிலும் பெருக்கினால் போச்சு.

மைனஸ் இருந்தால், பெருக்கிய விடையைச் சுற்றி அடைப்புக்குறியை விடாமல் வைத்திருங்கள்:

5 − (க + 2)(க − 3)
= 5 − (க² − க − 6)
= 5 − க² + க + 6
= −க² + க + 11

இரண்டாவது வரியைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளை மைனஸை க²-க்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடும். இந்த வகைக் கணக்கில் ஒரு வரி மிச்சம் பிடிப்பதால் யாருக்கும் லாபம் இல்லை.

மற்ற வரிகளையும் எழுதத்தான் வேண்டுமா? நண்பன் நேரடியாக விடை எழுதுகிறானாம்.

எழுதட்டும். இங்கே மெமோ என்று சொல்லும் விடைக்குறிப்பில், முன் வரியில் பிழை இருந்தாலும் அதை வைத்து அடுத்த வரியைச் சரியாகச் செய்தவருக்கு மதிப்பெண் தரும் வழக்கம் உண்டு. வரியே இல்லாவிட்டால் திருத்துபவர் எதற்குக் கொடுப்பார்? நான்கு பெருக்கங்கள் உள்ள வரி ஒன்று, விடை ஒன்று, அவ்வளவே போதும்.

விடை சரியா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

க-வுக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, கேள்வியிலும் விடையிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

0 வேண்டாம். (க + 5)²-உம் க² + 25-உம் க = 0-வில் இரண்டுமே 25 தரும்; பிழை ஒளிந்துகொள்ளும். 1-உம் வேண்டாம். 2க × 3க-வை 6க² என்று எழுதாமல் 6க என்று எழுதினால், க = 1-இல் இரண்டும் 6. 2-ஐயும் தவிருங்கள், க²-உம் 2க-வும் அங்கே 4-ஆகச் சேர்ந்துகொள்ளும்.

10 மிக வசதி. (க + 3)(க + 5) = க² + 8க + 15 என்றால், 13 × 15 = 195; மறுபக்கம் 100 + 80 + 15 = 195. 10-ஆலும் 100-ஆலும் பெருக்குவது எளிது என்பதால் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

ஒரே எண்ணில் ஒத்துப்போனால் விடை பெரும்பாலும் சரி. முழு உறுதி வேண்டுமென்றால், இருபடிக் கோவைக்கு மூன்று வெவ்வேறு எண்களில் ஒத்துப்போக வேண்டும். இரண்டு இருபடிக் கோவைகள் வேறுவேறாக இருந்தால் அதிகபட்சம் இரண்டு இடத்தில்தான் சமமாக முடியும். கால்குலேட்டரில் டேபிள் முறை இருந்தால் கேள்வியை ஒரு தடவை, விடையை ஒரு தடவை ஏற்றி, வரும் இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிடலாம்.

குறை எண்ணைக் கொடுக்கும்போது அடைப்புக்குறி அவசியம். −3² என்று அழுத்தினால் கால்குலேட்டர் −9 என்றுதான் காட்டும். (−3)² என்று அழுத்தினால்தான் 9.

விடை சரியாக வந்தும் மதிப்பெண் போய்விட்டது. ஏன்?

கேள்வியின் முதல் சொல்லைப் பாருங்கள். எக்ஸ்பாண்ட், சிம்ப்ளிஃபை, டிடர்மின் த ப்ராடக்ட் என்றால் பெருக்கி, சுருக்கி, நிறுத்த வேண்டும். ஃபாக்டரைஸ் என்றால் திரும்ப அடைப்புக்குறிகளாக எழுத வேண்டும். சால்வ் என்றால்தான் க-வின் மதிப்பு. க² − 7க + 12 என்று சரியாக முடித்துவிட்டு, பக்கத்தில் “= 0” என்று தாமாகச் சேர்த்து க = 3, க = 4 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கேள்வியில் சமக்குறி இல்லையென்றால் விடையில் சமன்பாடு பிறக்காது.

நேர்மாறான தவறும் உண்டு. (க + 2)(க − 3) = 0 என்றால் பெருக்கவே வேண்டாம். க = −2 அல்லது க = 3, முடிந்தது. ஆனால் (க + 2)(க − 3) = 6 என்றால் ஒவ்வோர் அடைப்புக்குறியையும் 6-க்குச் சமப்படுத்தக் கூடாது; அந்தக் குறுக்குவழி 0-க்கு மட்டும்தான். இங்கே பெருக்கித்தான் ஆகவேண்டும்: க² − க − 6 = 6, அதாவது க² − க − 12 = 0, அதாவது (க − 4)(க + 3) = 0. க = 4 அல்லது −3.

இன்னொரு சின்னச் சந்தேகம்: (க + 2)(க + 3) பெருக்கல், (க + 2) + (க + 3) கூட்டல், க + 2(க + 3) வேறொன்று. முறையே க² + 5க + 6, 2க + 5, 3க + 6. அவசரத்தில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் கணக்கே மாறிவிடும்.

மூன்று உறுப்பு வந்தால்?

அதே விதி, ஆறு பெருக்கங்கள்.

(க + 2)(க² − 3க + 4)
= க³ − 3க² + 4க + 2க² − 6க + 8
= க³ − க² − 2க + 8

க = 10: 12 × 74 = 888; 1 000 − 100 − 20 + 8 = 888.

மூன்று அடைப்புக்குறிகள் இருந்தால் முதலில் இரண்டை முடித்து, வந்ததை மூன்றாவதோடு பெருக்குங்கள். (க + 1)(க + 2)(க + 3) = (க² + 3க + 2)(க + 3) = க³ + 6க² + 11க + 6. மூன்றையும் ஒரே மூச்சில் பெருக்கப் பார்ப்பது வேண்டாத வீரம்.

பின்னமும் தசமமும்?

புதிதாக எதுவும் இல்லை. (க + 1/2)² = க² + க + 1/4. நடு உறுப்பு 2 × 1/2 × க, அதாவது வெறும் க. (க + 0,5)(க − 0,2) = க² + 0,3க − 0,1. கடைசியில் −1 என்று எழுதுவதுதான் வழக்கமான சறுக்கல்: 0,5 × 0,2 = 0,1.

இதெல்லாம் கடைத்தெருவில் எதற்கு உதவும்?

ஹார்ட்வேர் கடையில் வாட் சேர்க்காத விலைப்பட்டியலில் பெயின்ட் 2 000 ரேண்ட். 10% தள்ளுபடி, அதன்மேல் 15% வாட். 15-இல் 10 போனால் 5%, ஆக 2 100 என்று கணக்கிடுபவர்கள் உண்டு. உண்மையில்:

(1 − 0,1)(1 + 0,15) = 1 + 0,15 − 0,1 − 0,015 = 1,035

கொடுக்க வேண்டியது 2 070 ரேண்ட். வித்தியாசமான 30 ரேண்ட் அந்தக் கடைசி உறுப்பு, −0,015. தள்ளுபடியாகப் போன தொகைக்கு வாட் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. பெருக்கல் என்பதால் தள்ளுபடியை முதலில் போட்டாலும் வாட்டை முதலில் போட்டாலும் நீங்கள் கொடுக்கும் மொத்தம் ஒன்றே.

வட்டிக்கு வட்டியும் இப்படித்தான். 10 000 ரேண்டுக்கு ஆண்டுக்கு 8% என்றால் இரண்டு ஆண்டில் (1 + 0,08)² = 1 + 0,16 + 0,0064. தனிவட்டி 1 600 ரேண்ட் தரும். மேலதிகமாக வரும் 64 ரேண்ட் அந்த மூன்றாவது உறுப்பு.

பிள்ளை மேத்ஸ் லிட்டரசி (அன்றாட வாழ்க்கைக் கணக்குப் பாடம்) எடுக்கப்போகிறது. அப்போதும் இது வேண்டுமா?

க்ரேட் 9 முடியும்வரை எல்லோருக்கும் ஒரே கணிதம், ஆகவே வேண்டும். க்ரேட் 10-இல் மேத்தமேட்டிக்ஸ், மேத்ஸ் லிட்டரசி என்று பிரியும்போது லிட்டரசியில் இந்த வகைப் பெருக்கம் வராது. பொறியியல் போன்ற படிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்கள் மேத்தமேட்டிக்ஸ் கேட்கும். இந்த ஒரு பாடம் வரவில்லை என்பதற்காக லிட்டரசிக்கு மாற்றுவது அவசர முடிவு என்பது எங்கள் கருத்து.

பயிற்சிக்குச் சில கணக்குகள் தர முடியுமா?

தினம் ஐந்து போதும். ஒரே நாளில் ஐம்பது கொடுத்தால் கை மட்டும்தான் வலிக்கும். வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி கூடுதல்.

1. (க + 2)(க + 9)
2. (க − 8)(க + 3)
3. (க − 6)(க − 5)
4. (3க + 4)²
5. (2க − 7)(2க + 7)
6. (4க − 3)(2க − 5)
7. 2(க − 4)²
8. (க + 5)(க − 1) − (க − 3)²
9. (2க − ப)(க + 3ப)
10. (க − 2)(க² + 2க + 4)

விடைகள்:

1. க² + 11க + 18
2. க² − 5க − 24
3. க² − 11க + 30
4. 9க² + 24க + 16
5. 4க² − 49
6. 8க² − 26க + 15
7. 2க² − 16க + 32
8. 10க − 14
9. 2க² + 5கப − 3ப²
10. க³ − 8

விடை பொருந்தவில்லை. எங்கே போய்ப் பார்ப்பது?

2-இல் −11க வந்தால் 8-ஐயும் 3-ஐயும் குறி பார்க்காமல் கூட்டியிருக்கிறது. 4-இல் 9க² + 16 என்றால் பட்டைகள் இரண்டும் விடுபட்டிருக்கின்றன. 9க² + 12க + 16 என்றால் ஒரு பட்டை மட்டும் விடுபட்டது. 6-இல் +26க என்றால் பெருக்கலுக்குரிய குறி விதியைக் கூட்டலில் போட்டிருக்கிறது. 7-இல் 4க² − 32க + 64 என்றால் வர்க்கப்படுத்தும் முன் இரண்டை உள்ளே தள்ளியிருக்கிறது. 8-இல் −2க + 4 என்றால் மைனஸ் க²-உடன் நின்றுவிட்டது, மற்ற இரண்டு உறுப்புகளின் குறி மாறவில்லை. 9-இல் கப-வை மறந்து 5க என்று எழுதியிருந்தால், க × ப என்பதைத் தனியாக ஒரு தடவை எழுதச் சொல்லுங்கள். 10-இல் நீளமான விடை வந்தால் பெருக்கம் சரியாக இருக்கலாம், சுருக்கியிருக்க மாட்டார்கள்: க³ + 2க² + 4க − 2க² − 4க − 8 என்ற வரியில் நடுவிலுள்ள நான்கும் ஜோடி ஜோடியாக அடிபட வேண்டும்.